தோள் அளவுக்கு வெட்டிய நிழல்

முதலில் ஹாரன் சத்தம்தான் கேட்டது. ராத்திரி ஷிப்ட் முடிந்து, காதுக்குள் மில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, தலைமயிரில் பஞ்சோடு நான் தபால் ஆபீஸ் முக்கைத் திரும்புவதற்கு முன்பே, முத்துவாய்க்கால் பேருந்து நிலையத்துக்குள்ளிருந்து ஆறு பத்து வண்டியின் ஹாரன், கிளம்புகிறேன் என்று சொல்லும் இரண்டு குட்டைச் சத்தமாக இல்லாமல், யாரிடமோ அனுமதி கேட்டுக் கெஞ்சுவதைப் போல நீளமாக, நிறுத்தி, மறுபடி நீளமாக வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் டைம்கீப்பர் சவரிராயனைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்திருந்தோம். வண்டியை விடச் சொல்ல ஆள் இல்லாமல் டிரைவர் தடுமாறுகிறான் என்று நினைத்துக்கொண்டே முக்கைத் திரும்பினேன்.

ஆள் இல்லைதான். சேகு பாய் டீக்கடையை ஒட்டி நிற்கும் பழைய காரைச் சுவரில், சவரிராயன் முப்பத்தொரு வருஷமாக எங்கே நின்றாரோ அதே இடத்தில், அவருடைய நிழல் நின்றுகொண்டிருந்தது. இடது கக்கத்தில் பதிவேடு, சட்டைப்பையில் பேனா, காலருக்குப் பின்னால் மடித்துச் செருகிய கைக்குட்டை, எல்லாம் இருந்தன. விடிகாலை நிழல் என்பதால் பனை உயரம் இருந்தது, தலை சுவரைத் தாண்டி டீக்கடைத் தகரத்தின் மேல் மடிந்து கிடந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, "விடட்டுமா அண்ணாச்சி?" என்றான். நிழலின் வலது கை எழுந்தது, ஆள்காட்டி விரல் ரோட்டைப் பார்த்து ஒரு தடவை சுண்டியது, வண்டி புறப்பட்டுப் போனது.

"செத்த மறுநாளே ரெண்டு நிமிஷம் லேட்டு," என்றார் சேகு பாய், பாலை ஆற்றிக்கொண்டே. "மனுசன் மாறிட்டாருவே."

ஒரு வாரத்துக்குள் ஊர் பழகிவிட்டது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வண்டிகள் கிளம்பிக்கொண்டே இருக்கிற ஊரில் நின்று ஆச்சரியப்பட யாருக்கு நேரம் இருக்கிறது? காலையில் நீண்டு, வெயில் ஏற ஏறச் சுருங்கி, உச்சிப்பொழுதில் சுவரின் காலடியில் ஒரு விரல் உயர மனிதனாக நின்று, சாயங்காலம் மறுபடி வளர்ந்து, இருட்டியதும் இருட்டோடு சேர்ந்துகொண்டு, விடிந்ததும் அதிலிருந்து பிரிந்து வந்து நின்றது அந்த நிழல். எந்த அளவில் இருந்தாலும் விரலை மட்டும் நேரத்துக்குத் தூக்கியது. ஒரு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் தனியார் வண்டிக்காரர்கள், நிழலின் சட்டையைப் பிடிக்க முடியாததால் அடங்கிப் போனார்கள். தென்காசி வண்டிக்கு மட்டும் சீக்கிரம் விரலைத் தூக்குகிறார் என்று ஒரு டிரைவர் நகராட்சிக்கு மனு எழுதிப் போட்டான், இறப்புப் பதிவு எழுத்தர் வந்து, நிழலை மேலும் கீழும் பார்த்து, ஆள் செத்தது செத்ததுதான், இதற்குத் தனியாகப் படிவம் கிடையாது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். பங்குச் சாமியாரும் வந்தார், அவரும் டீ குடித்தார். தொட்டால் அது மண்பானையின் அடிப்பக்கம் போல ஜில்லென்று இருந்ததால், மூன்று மணி வெயிலில் வண்டிக்குக் காத்திருக்கும் பெண்கள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள், வேர்க்குரு வந்த பிள்ளைகளை அதில் ஒட்டிப் பிடித்தார்கள், சேகு பாய் பால் பாக்கெட்டுகளை அதன் கால்மாட்டில் அடுக்கினார். போஸ்டர் ஒட்டுகிறவர்கள்கூட ஆள் உயரத்துக்கு இடம் விட்டு ஒட்டினார்கள்.

இரண்டே பேருக்குத்தான் அது பழகவில்லை. ஒருத்தி சவரிராயன் சம்சாரம் மரியபுஷ்பம். இன்னொருவன் நான்.

நான் அட்டை பஸ் செய்கிறவன். மில்லில் ராத்திரி முழுக்க நூல் சுற்றுவது வயிற்றுக்கு, பகலில் தூக்கம் வராமல் இதைச் செய்வது எதற்கென்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஸ்டாண்டுக்கு வரும் வண்டிகளை இருபதில் ஒரு பங்காக, கண்ணாடிக்கு மெல்லிய பிளாஸ்டிக், பாடிக்கு வெள்ளை பிளாஸ்டிக் தகடு, சீட்டுக்கும் திரைக்கும் சார்ட் பேப்பர் என்று வெட்டி ஒட்டுவேன். ஊரில் என் பெயர் தவசி என்பதை மறந்து அட்டபஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். ஒடித்து ஒடித்துப் புதுமுனை எடுக்கிற கட்டர் ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பதினோராம் நம்பர் ஆபரேஷன் பிளேடு, உடைந்த ரம்பத் தகட்டைக் கல்லில் தீட்டி நானே வளைத்த கொக்கி ஒன்று, இவ்வளவுதான் என் ஆயுதம். பிளாஸ்டிக்கை வெட்டக் கூடாது, கீற வேண்டும். கையின் பலத்தைக் கொடுக்காமல், கத்தியின் எடையிலேயே ஏழெட்டுத் தடவை ஒரே கோட்டில் இழுத்துவிட்டு மடக்கினால் அதுவே மனசு வந்து விட்டுக்கொடுக்கும். பேப்பர் அப்படி இல்லை. புதுமுனையில், ஒரே மூச்சில், நடுவில் யோசிக்காமல் போக வேண்டும், யோசித்த இடம் பிசிறாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பிளாஸ்டிக்கைத் தொட்ட முனை பேப்பர் பக்கம் திரும்பக் கூடாது. பிளாஸ்டிக் அந்த முனையைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மடக்கிவிடும், நம் கண்ணுக்குத் தெரியாததைப் பேப்பர் கண்டுபிடித்துவிடும். அதனால் ஆபரேஷன் பிளேடு மாட்டிய கைப்பிடி என்னிடம் இரண்டு உண்டு, மில் கழிவு நூலைச் சுற்றி வைத்திருப்பேன், பேப்பருக்கு வெள்ளை, பிளாஸ்டிக்குக்குப் பச்சை.

இப்படிப்பட்டவன் கண்ணில் அந்த நிழலின் ஓரம் விழுந்துவிட்டது. பிசிறு கிடையாது, நடுக்கம் கிடையாது, காது மடலின் வளைவிலும் பேனா மூடியின் கொக்கியிலும் அப்படி ஒரு வெட்டு. எந்தப் பிளேடாலும் எந்தக் கையாலும் ஆகாத வெட்டு. தினமும் ஷிப்ட் முடிந்து வந்து டீயைக் கையில் ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பார்க்கப் பார்க்க, கோவிலில் கூட எனக்கு வராத ஒரு பயம் வரும், கையைக் கட்டிக்கொள்வேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் நகராட்சி அறிவிப்பு ஒட்டியது. புதிய பேருந்து நிலையம் கட்டப்போகிறார்கள், வியாழக்கிழமை பத்து மணிக்குப் பழைய சுவர் இடிக்கப்படும். அறிவிப்பையும் நிழலுக்கு இடம் விட்டுத்தான் ஒட்டியிருந்தார்கள்.

சுவர் போனால் நிழல் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. புதுச் சுவரில் போய் நின்றுகொள்ளும் என்று பாதிப் பேர் சொன்னார்கள், காரைக்கட்டியோடு டிராக்டரில் ஏறிக் குளத்துக் கரைப் பள்ளத்துக்குப் போய்விடும் என்று மீதிப் பேர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தூங்க முயன்றுகொண்டிருந்த என் கதவைப் புஷ்பமக்கா தட்டினாள்.

"தம்பி, மெல்லிசானதை எல்லாம் நீங்க வெட்டுவியளாமே?"

"அட்டையும் பிளாஸ்டிக்கும்தான்க்கா."

"எங்க வீட்டுக்காரவுகளை வெட்டி எடுத்துத் தாங்க."

நான் பாயைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை.

"முப்பத்தொரு வருசம் தம்பி. அஞ்சு மணிக்குப் போனா ராத்திரி பத்து. சோறு தூக்குச்சட்டில போவும், காலிச்சட்டி வரும். பூசைக்கு வந்தாக்கூட வாசல்ல நின்னுட்டு ஓடிருவாவ. இந்த மனுசன் உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டு நான் பாக்கல. செத்தாலாவது வீட்டோட இருப்பாவன்னு பாத்தா, பொட்டியில வச்சு மூடின ஆளு மறுநா டூட்டியில நிக்காவ. இப்ப அந்தச் சுவரும் போவுதாம். அவுக எங்க போயி நிப்பாவ? எனக்கு இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம ஆயிரக் கூடாது, அம்புட்டுதான்."

என் வாயில் வந்தது, வண்டி செய்யக் கேட்டு வருகிற எல்லாரிடமும் நான் கேட்கிற கேள்விதான். "எந்த அளவுல வேணும்க்கா?"

அவள் விளங்காமல் பார்த்தாள். நான் சொன்னேன்: காலையில் வெட்டினால் பனை உயரம், உச்சியில் வெட்டினால் விரல் உயரம், எப்போது வெட்டுகிறோமோ அந்த அளவிலேயே நின்றுவிடும். புஷ்பமக்கா உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்து அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி, அங்கே ஒரு ஆள் நிற்பதைப் போல நிறுத்தினாள்.

"நான் பக்கத்துல நின்னா என் உச்சி அவுக தோளுக்கு வரும். எங்க கல்யாண போட்டோல அப்படித்தான். அந்த அளவுக்கு வெட்டுங்க."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் வண்டிகளில் ஆள் கிடையாது. சீட்டு, கம்பி, மணி அடிக்கும் கயிறு வரைக்கும் செய்துவிடுவேன், மனுஷனை மட்டும் செய்ய வரவில்லை, அலமாரி முழுக்கக் காலி வண்டிகளாக நிற்கும். செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் சோதித்துப் பார்க்கப் போனபோது, சுவரின் காலடியில் சுருங்கி நின்ற நிழலுக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்தேன். மூன்றே கால் அங்குலம். இருபதில் ஒரு பங்குக்கு நூல் பிசகவில்லை. என் ஆறு பத்து வண்டியின் படிக்கட்டில் நிறுத்தினால் அப்படியே பொருந்தும். இப்போதே வெட்டிவிட்டு, அக்காவிடம் அளவு தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியும்? கை கொக்கியைப் பிடித்துவிட்டது. சேகு பாய் கடைக்குள்ளிருந்து, "என்னவே, ஆளை அளந்து முடிச்சாச்சா?" என்றார். நான் பதிவேட்டின் மூலையில் மட்டும், உடம்புக்குப் படாத இடத்தில், மெல்லக் கீறிப் பார்த்தேன். உச்சி வெயிலில் அது பிளாஸ்டிக்காக இருந்தது. ஏழு கீறலுக்குப் பிறகு டிக் என்று ஒடிந்து, நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு உள்ளங்கையில் விழுந்தது.

புதன்கிழமை காலையில், அது ஆள் உயரத்துக்கு வந்த ஏழு நாற்பதுக்கு, அதே மூலையைத் தொட்டேன். அந்த நேரத்து நிழல் பேப்பர். அதுவும் நல்ல பேப்பர் இல்லை, பழைய பதிவேட்டுத் தாள் போல மொறுமொறுத்துக் கிடந்தது. கட்டர் இழுத்து நார் நாராகக் கிளப்பியது, புதுப் பதினோராம் நம்பர்கூட ஓரத்தைப் பிய்த்தது. காது மடல் என்ன ஆகும், பேனாக் கொக்கி என்ன ஆகும் என்று நினைத்ததும் பிளேடைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சில்லைக் கொடுத்துவிட்டு, ஆகாது என்று சொன்னேன். அவள் மடியில் தூள் கொட்டிய சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஈரச்சாக்கில் இலைக்கட்டு, கத்தரி, இலையை அளவெடுக்கும் தகரத் துண்டு. சில்லை வாங்கி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"காஞ்சு போயில்லா இருக்கு," என்றாள்.

"என்னக்கா?"

"காஞ்ச இலையில கத்தரிய வச்சா நொறுங்கத்தான செய்யும்? நாங்க ராவே நனைச்சு, சாக்குல சுத்தி, பதம் வந்த பொறவுதான் வெட்டுவோம். நீங்க என்ன பிளாஸ்டிக்கு, பேப்பருன்னு ரெண்டுலயே நிக்கிய."

இருபது வருஷமாக மெல்லியது எல்லாவற்றையும் வெட்டி வருகிறவனுக்கு அந்த மூன்றாவது ஒன்று தோன்றவே இல்லை. அக்கா சொல்லிவிட்டு அடுத்த பீடியின் வாயை மடக்கினாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. "கொண்டுபோயிட்டா வண்டிய யாரு விடுவா?" என்று ஒரு டிரைவர் சத்தம் போட்டான். "சுவரே போவுது, உமக்கு வண்டிதான் பெருசா?" என்றார் சேகு பாய். புஷ்பமக்கா பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து, காய்ச்சல்காரன் உடம்பைத் துடைப்பதைப் போல, தோளிலிருந்து பாதம் வரை ஒற்றி ஒற்றி எடுத்தாள். நிழல் கறுத்தது, சுவரிலிருந்து மூச்சு விட்டதைப் போல ஒரு இழை தளர்ந்தது. பிறகு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி, அதன் இடதுபக்கம் நின்றாள். தோள் அவள் தலைக்கு மேலே ஒரு சாண் இருந்தது. அரைச்சாண் ஆனது. நான்கு விரல் ஆனது. இரண்டு விரல். இருநூறு பேர் நின்ற இடத்தில் டீக்கடைப் பாய்லரின் சத்தம் மட்டும் கேட்டது. தோள் இறங்கி வந்து அவள் உச்சிவகிட்டைத் தொட்டது, அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப," என்றாள்.

வெள்ளை நூல் சுற்றிய கைப்பிடியை எடுத்துக் காலரிலிருந்து தொடங்கினேன். பிளேடு போன சத்தமே இல்லை. தண்ணீரில் கோடு போட்டதைப் போலப் போனது, ஆனால் கோடு அழியவில்லை. காது மடல் வந்தது, கைக்குட்டை வந்தது, பேனாக் கொக்கி வந்தது. எந்தக் கை முதலில் வெட்டியதோ அந்தக் கைக்குப் பின்னால் நான் போய்க்கொண்டிருப்பதைப் போல, என் கை எனக்கு முன்னாலேயே வழியை அறிந்திருந்தது. வெட்டிய ஓரம் சுருண்டு என் மணிக்கட்டில் பட்டபோது வந்த குளிர்ச்சியை இப்போதும் அந்த மணிக்கட்டில் வைத்திருக்கிறேன். இரண்டு கால், பதிவேடு, இடது கை என்று வந்து, வலது கையின் விரல்களுக்குப் போகும்போது முனை இழுத்தது. காரைச் சுவரின் மணல் பிளேடைத் தின்றுவிட்டிருந்தது. மேலே பார்த்தேன், தோள் அவள் வகிட்டைவிட்டு நூலளவு இறங்க ஆரம்பித்திருந்தது. சட்டைப்பையில் கையை விட்டு அடுத்ததை எடுத்தேன். ஈரக் காரைக்குழம்பு அப்பிய விரலால் எடுத்ததில் கைப்பிடி நூலின் நிறம் தெரியவில்லை. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், கட்டைவிரல். ஆள்காட்டி விரலின் அடியில், சர் என்று, எனக்கு மட்டும் கேட்கிற ஒரு கிழிசல்.

குனிந்து பார்த்தேன். காரையைத் துடைத்ததும் உள்ளே பச்சை நூல். முந்தின வாரம் முழுக்க வண்டியின் ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கீறிய பிளேடு.

நிழல் மேலிருந்து மடிந்து, புஷ்பமக்காவின் கைகளில் ஈரவேட்டி போல விழுந்தது. அவள் அதை இலைக்கட்டைச் சுருட்டுவதைப் போல ஈரச்சாக்கில் சுருட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள். கூட்டம் வழி விட்டது. சுவரில் விரல் ஒன்று மட்டும் நின்றது. நான் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்குச் சுவர் இடிந்தது. புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. பத்தேகால் வண்டிக்காரன் பழக்கத்தில் ஹாரனை நீளமாக அடித்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்தவனாக நிறுத்தினான். அப்போது நடைமேடைச் சிமென்ட் விளிம்பில், காரைத்தூளுக்கு அடியிலிருந்து, கறுப்பாக ஒரு விரல் நிமிர்ந்து, ரோட்டைப் பார்த்துச் சுண்டியது. வண்டி கிளம்பியது. சேகு பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், வேறு யாரும் அசையவில்லை.

மூன்று நாள் எனக்குத் தூக்கமும் இல்லை, வேலையும் ஓடவில்லை, மில்லில் இரண்டு தடவை நூலை அறுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொல்லத் தொடங்கினேன்.

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன். பிளேடு மாறிப் போச்சு. வெரலு ஒண்ணு..."

"உள்ள வாங்க."

உள்ளே போனேன். சுண்ணாம்பு அடித்த சுவரில், அவள் பாய்க்குப் பக்கத்தில், சவரிராயன் உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டு, முதுகைத் தளர்த்தி, பதிவேட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, நான்கு விரல் உள்ள வலது கையை முழங்காலின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் சோறு. ஜன்னல் வெயில் அவர்மேல் நகர்ந்தது, அவர் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

"இங்க கொண்டாந்து பிரிச்சுப் போட்டதும் நின்னாவ," என்றாள் புஷ்பமக்கா. "கொஞ்ச நேரம் வாசலையே பாத்துக்கிட்டு. பொறவு கையைப் பாத்தாவ. பொறவு உக்காந்துட்டாவ."

"வெரலு அங்கதான்க்கா இருக்கு. வண்டி விடுது. சொன்னா நான் போயி..."

"சுருட்டும்போதே எண்ணிட்டேன் தம்பி. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி எண்ணுத கை, அஞ்சு வெரலு எண்ணாதா?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "கேட்டா நீங்க அதையும் எடுத்துக் கொடுத்துருவியளோன்னுதான் வாயத் தொறக்காம வந்தேன். அது கூட வந்திருந்தா இந்த மனுசன் உக்காருவாவளா?"

சுவரில் இருந்தவரின் ஓரத்தைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் சுத்தமான வெட்டு, அந்த ஒரு விரலின் அடியில் மட்டும் பிசிறு, என் பிசிறு. வெளியே ரோட்டில் பன்னிரண்டரை வண்டி போகிற சத்தம் கேட்டது. முழங்கால்மேல் இருந்த கை அசையவில்லை.

புஷ்பமக்கா சோற்றுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், சொளகை இழுத்து மடியில் போட்டாள்.

"அந்த நூலுக்கண்டை இப்படித் தள்ளுங்க," என்றாள்.

தள்ளினேன். அவள் ஈரச்சாக்கை விலக்கி, ஒரு இலையை எடுத்துத் தகரத் துண்டை அதன்மேல் வைத்து, கத்தரியால் சுற்றி வெட்டி, தூளை இட்டுச் சுற்ற ஆரம்பித்தாள்.